முயல்கள் போன வழியில..!

கார்ட்டூன் படத்துல வர்ற குன்று, வயல், ஓடை எல்லாமே ஆர்ட்டிஸ்ட்டோட கற்பனைன்னுதானே நினைப்பீங்க? ‘வாட்டர்ஷிப் டவுன்’ விஷயத்துல மட்டும் அந்த எண்ணத்தை மாத்திக்கோங்க. 1978-ல் மார்ட்டின் ரோசன் இயக்கிய இந்த பிரிட்டிஷ் அனிமேஷன் படத்தோட கதை நடக்கிற இடங்கள், இங்கிலாந்தில் நிஜமாவே இருக்கு. நல்ல ஷூ இருந்தா போதும், முயல்கள் போன வழியில நீங்களும் நடக்கலாம்!

மூலக்கதை ரிச்சர்ட் ஆடம்ஸ் எழுதிய நாவல். மனுஷர் அரசாங்க அதிகாரி. நீண்ட கார் பயணத்துல மகள்களுக்குப் பொழுது போக அவர் அவிழ்த்துவிட்ட கதைதான் இது. ‘எழுதுங்கப்பா’ன்னு பொண்ணுங்க விடாம நச்சரிக்க, எழுதினார். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பி, ஒருவழியா 1972-ல் புத்தகமாச்சு. நியூபரி பக்கம் பிறந்தவர் என்பதால், தான் சுற்றித் திரிந்த மண்ணையே கதைக்களம் ஆக்கிட்டார்.

லண்டன் பேடிங்டன் ஸ்டேஷன்ல ரயில் ஏறினா, சுமார் ஒரு மணி நேரத்தில் நியூபரி. ஊரின் தெற்கு ஓரம் சேண்டில்ஃபோர்டு. கதை தொடங்குறது இங்கேதான். வயல் ஓரமா ஒரு போர்டு நடுறாங்க. இங்கே வீடு கட்டப் போறோம்னு அறிவிப்பு. ஃபைவர் என்ற குட்டி முயலுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா, வயல் முழுக்க ரத்தம் தெரியுது. அவனை நம்பி ஒரு சின்னக் கூட்டம் ராத்திரியோட ராத்திரியா ஊரைக் காலி பண்ணுது.

முதல் தடை என்போர்ன் ஆறு. நம்ம கண்ணுக்கு ஓடை. நீந்திப் பழகாத முயலுக்கோ கடல்! அதைத் தாண்டித் தெற்கே போனா, சேண்டில்ஃபோர்டிலிருந்து சுமார் 8 கிலோ மீட்டரில் எழுந்து நிற்குது வாட்டர்ஷிப் டவுன். பேர்லதான் டவுன், ஏறணும் பாஸ்! உயரம் 237 மீட்டர். தென் இங்கிலாந்தில் இந்த மாதிரி சுண்ணாம்புக் குன்றுகளுக்கு ‘டவுன்’னுதான் பேர்.

உச்சியில் ‘வேஃபேரர்ஸ் வாக்’ என்ற நடைபாதை போகுது. அங்கே நின்னு வடக்கே பார்த்தாலே, முயல்கள் ஏன் இந்த இடத்தைப் பிடிச்சாங்கன்னு புரிஞ்சிடும். எதிரி தூரத்துல வரும்போதே தெரிஞ்சிடும். தண்ணி தேங்காத மண், வளை தோண்ட வசதி. கதையில் வர்ற நட்ஹேங்கர் பண்ணையும் கீழே நிஜமாவே இருக்கு. தனியார் இடம்... தள்ளி நின்னே பாருங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி படத்தைப் பார்த்துடுங்க. ‘முயல் படம்தானே’ன்னு தம்பி, தங்கச்சியைக் கூட உட்கார வெச்சா மாட்டிக்குவீங்க. அத்தனை ரத்தம்! 1978-ல் எல்லாரும் பார்க்கலாம்னு ‘யு’ கொடுத்த பிரிட்டிஷ் சென்சார், 2022-ல் அதை ‘பி.ஜி’ ஆக மாத்திடுச்சு.

அதே 2022-ல்தான் இன்னொண்ணும் நடந்தது. நாவல் வந்து சரியா 50 வருஷம் கழிச்சு, சேண்டில்ஃபோர்டு வயல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்ட அரசு அனுமதி கொடுத்தது. ஆடம்ஸ் கற்பனையில் நட்ட போர்டு, நிஜமாயிடுச்சு! குடியிருக்க வீடு கேட்கிற மனுஷங்க பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா, ‘காலி நிலம்’னு பேப்பர்ல எழுதுறப்போ, அங்கே ஏற்கெனவே குடியிருக்கிறவங்களை யாரும் கணக்குல சேர்க்கிறதில்லை.

அதனால, ரயிலை விட்டு இறங்கினதும் நேரா குன்றுக்கு ஓடாதீங்க. முதல்ல சேண்டில்ஃபோர்டு வயலைக் கண் நிறைய பார்த்துட்டு நடங்க. மலைக்கு அவசரம் இல்லை, அது அங்கேயேதான் இருக்கும்!