பிள்ளைகள் கட்டிய கால்

திருநெல்வேலிக்குக் குடிவந்து ஆறு வருஷமாகிறது. குற்றாலம், பாபநாசம், திருச்செந்தூர் என்று வந்த விருந்தாளிகளை எல்லாம் கூட்டிக்கொண்டு சுற்றியாயிற்று. டோனாவூர் மட்டும் பாக்கி. எதிர்வீட்டு டீச்சரம்மா ரிடையர் ஆனவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். "ஒரு நாள் வாயேம்மா, ஆமி அம்மா இருந்த இடத்தைப் பாத்துட்டு வருவோம்" என்று எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டார். "குழந்தையை வச்சுக்கிட்டு எங்கே டீச்சர் வர்றது?" என்பதே என் பதில்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, வருவது வரட்டும் என்று மூன்று வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். "நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்று தாராள மனசோடு சொன்னார் என்னவர். வீட்டைத்தான், குழந்தையை அல்ல!

வள்ளியூர் வரை ஒரு பஸ். அங்கிருந்து ஏர்வாடி வழியாக இன்னொரு பஸ். வழியெல்லாம் வாழைத் தோட்டங்களும் குளங்களும். மேற்கே கூடவே வருகிறது மலை. 'டோனாவூர்' என்ன பெயர் என்று கேட்டேன். ரேனியஸ் என்ற பாதிரியார் இந்தப் பக்கம் ஊழியம் செய்த காலத்தில், ஜெர்மனியில் டோனா என்ற பிரபு பணம் கொடுத்து உதவினாராம். அவர் பெயரே ஊருக்கு வந்துவிட்டது.

ஆமி கார்மைக்கேல் பிறந்தது 1867-ல், வட அயர்லாந்தில். சிறுமியாக இருந்தபோது தன் கண்ணை நீலமாக மாற்றும்படி கடவுளிடம் கேட்டு, காலையில் கண்ணாடியைப் பார்த்து ஏமாந்து போனாராம். பிற்பாடு சேலை கட்டி, தோலில் காப்பிச் சாயம் பூசிக்கொண்டு நம் ஊர்ப் பெண்ணாக வெளியே போனபோது, அந்தப் பழுப்புக் கண்தான் கைகொடுத்தது என்பார்கள். 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், 1951-ல் கண்ணை மூடும்வரை ஒரு தடவைகூடப் பிறந்த நாட்டுக்குத் திரும்பவில்லை.

அவர் வந்தது குழந்தை வளர்க்க அல்ல. தமிழ் கற்றுக்கொண்டு, நம் பெண்கள் சிலரோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்யத்தான். 1901 மார்ச்சில், பெருங்குளத்துக் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி தப்பி ஓடி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். முன்பு ஒரு தடவை ஓடியபோது பிடிபட்டு, கையில் சூடு வாங்கிய குழந்தை அது. (இதைக் கேட்கும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அந்த வழக்கம் நம்முடையதுதானே! டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பல வருஷம் போராடி, 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள்.) ஒரு குழந்தை பத்தாயிற்று, பத்து நூறாயிற்று. அப்புறம் பிரசங்கத்துக்கு ஊர் சுற்றுவது எப்படி?

ஓட்டுக் கூரை வீடுகளும் மரங்களும் ஜெபவீட்டுக் கோபுரமுமாக இடம் அமைதியாக இருக்கிறது. ஆனால் குழந்தைகள் வளர்வதற்கென்று ஏற்பட்ட இடம், காட்சிசாலை அல்ல. முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு போவதுதான் மரியாதை.

ஒரு வேப்பமரத்தடியில் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். என் பெண் இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் நாலு தடவை எழுந்து ஓடினாள். ஓடிப்பிடித்து அலுத்துப்போய், "பி.எட். முடிச்சு, கிடைச்ச வேலையையும் விட்டேன் டீச்சர். கடைசியிலே இதுக்குப் பின்னாலே ஓடறதுதான் மிச்சம்" என்று கொட்டிவிட்டேன்.

டீச்சரம்மா கோபிக்கவில்லை. "'பிள்ளை தாய்க்குக் கால்கட்டு'ன்னு சொல்லுவோம்லா? ஆமி அம்மாவுக்கும் அப்படித்தான் ஆச்சு. பெரிய வேலைக்குன்னு கடல் தாண்டி வந்துட்டு, மூக்குச் சிந்தி விட்டுக்கிட்டிருக்கோமே, இது சரிதானான்னு அவுகளுக்கும் ரொம்பக் குழப்பம். அப்பத்தான் நினைச்சுப் பாத்தாகளாம். சிலுவைக்குப் போறதுக்கு முந்தின ராத்திரி இயேசுசாமி என்ன செஞ்சார்? துண்டை எடுத்து இடுப்பிலே கட்டிக்கிட்டு சீடர் காலைக் கழுவினார். அதை அவர் சின்ன வேலைன்னு நினைக்கலியே!"

"அது சரி டீச்சர். ஆனா அப்படிச் சொல்லிச் சொல்லியே எல்லாத்தையும் பெண் தலையிலே கட்டிடறாங்களே?" என்றேன் விடாமல்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பொன்னம்மாள் கதையைச் சொன்னார். ஆமி அம்மாவோடு ஆரம்பத்திலேயே சேர்ந்த விதவைப் பெண். தாய்ப்பால் இல்லாத பச்சைக் குழந்தைகளைக் காப்பாற்றுவது அந்த நாளில் லேசான காரியமா? நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு குழந்தைகள் விடுதி வைத்து, அதைப் பொன்னம்மாள் பொறுப்பில் விட்டார்கள். பாலைக் காய்ச்சி, அளந்து, புட்டியைக் கழுவி, ராத்திரி முழுக்க விழித்து... அப்படியும் நோய் வந்து சில குழந்தைகள் இறந்துபோயின. அவர் விட்டுவிட்டுப் போகவில்லை. 1915-ல் புற்றுநோயில் இறந்தார்.

"அப்புறம் ஒண்ணு. இங்க யாரையும் தனியா விடலே. பெரிய பிள்ளைங்க அக்காளா, வெளிநாட்டிலேயிருந்து வந்தவுக சித்தியா, ஆம்பிளைங்க அண்ணாச்சியா நின்னு வளத்தாக. சம்பளம் கிடையாது. ஆனா கை நிறைய இருந்துச்சு."

அந்த 'கை' என் மனசில் பதிந்துவிட்டது. கைம்மாறு கேட்காத அன்பென்றால் ஒருத்தி மட்டும் உருகித் தீர்வது என்றல்லவா நான் நினைத்திருந்தேன்!

1931-ல் களக்காட்டில் மருத்துவ வேலைக்கென்று எடுத்த வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், இருட்டில் ஒரு குழிக்குள் விழுந்தார் ஆமி அம்மா. அதன் பிறகு ஏறக்குறைய 20 வருஷம் ஓர் அறையோடு வாழ்க்கை. அந்தப் பிள்ளைகளே மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். படுத்தபடியே அவர் புத்தகம் புத்தகமாக எழுதினார். தன் சமாதியில் கல் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால், பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்லை மட்டும் பொறித்திருக்கிறார்கள்.

வீடு திரும்பும்போது விளக்கு வைத்தாயிற்று. குழந்தை தோளில் தூங்கிவிட்டாள்.

"வீடு பத்திரமா இருக்கு" என்றார் என்னவர், பெருமையாக.

"ரொம்ப சந்தோஷம். அடுத்த சனிக்கிழமை இவளையும் பார்த்துக்குங்க" என்று குழந்தையை அவர் தோளுக்கு மாற்றிவிட்டு, காப்பி போட உள்ளே போனேன்.