பதினான்காவது கோடு

பன்னிரண்டு வயது முடிவதற்குள் நான் மூன்று கொடிகளைப் பார்த்துவிட்டேன். அதற்காகச் சிங்கப்பூரை விட்டு ஓர் அடி நகரவில்லை. நான் பிறந்தபோது பறந்தது யூனியன் ஜாக். 1959 டிசம்பர் 3ஆம் தேதி யூசோஃப் இஷாக் அரசுத் தலைவராகப் பதவியேற்றபோது சிவப்பு வெள்ளைக் கொடி அறிமுகமானது. 1963 செப்டம்பர் 16ஆம் தேதி மலேசியாவோடு சேர்ந்தோம். நாட்டுப்பண் நெகாராகூ என்றானது; மஜுலா சிங்கப்பூரா மாநிலப் பாட்டாகச் சுருங்கியது. மலேசியக் கொடியில் 14 கோடுகள், 14 முனை விண்மீன். மலாயாவின் 11 மாநிலங்களோடு சபா, சரவாக், சிங்கப்பூர். ஒரு கோடு எங்களுடையது.

எங்கள் சொந்தக் கொடியின் பொருளை வகுப்பில் மனப்பாடம் செய்தோம். பிறை என்றால் வளரும் இளம் நாடு. ஐந்து விண்மீன்கள் மக்களாட்சி, அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம். சிவப்பு என்றால் மனிதர் யாவரும் சகோதரர்.

1964 ஜூலை 21 அன்று நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் இனக்கலவரம் வெடித்தது. ஊரடங்கு போட்டார்கள். துறைமுகத்தில் வேலைக்குப் போன அப்பா அன்றிரவு வீடு திரும்பவில்லை. செப்டம்பரில் மறுபடியும் கலவரம். இரண்டிலும் சேர்த்து 36 பேர் இறந்தார்கள். அந்த வாரங்களில் சிவப்புக்குப் புத்தகம் சொன்ன பொருளை எங்கள் கம்பத்துக் குடியிருப்பில் யாரும் வாயில் எடுக்கவில்லை.

1965 ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு வானொலி பிரிவினையை அறிவித்தது. சீனக் கடைத்தெருவில் பட்டாசு வெடிப்பதாகச் சொன்னார்கள். காப்பிக்கடைத் தொலைக்காட்சியில் பிரதமர் லீ குவான் யூ பேச முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தோம். அம்மாவுக்கு வேறு கவலை. மாமா ஜொகூரில், குளுவாங் பக்கத்துப் பால்மரத் தோட்டத்தில் இருந்தார்.

"அப்ப என் தம்பி வேற நாட்டுக்காரனா போயிட்டானா?"

"அவன் எங்கயும் போகல. நாமதான் போயிட்டோம்," என்றார் அப்பா.

பிரிந்த பிறகு சின்னங்களில் கைவைத்தார்கள். மலேசியச் சின்னத்தின் கேடயத்தில், அடியில் சபாவுக்கும் சரவாக்குக்கும் நடுவே எங்கள் பிறையும் விண்மீன்களும் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டுச் செம்பருத்திப் பூவை வைத்தார்கள். கொடியில் மட்டும் 14 கோடும் அப்படியே நின்றன; கடைசிக் கோடு கூட்டரசுக்கு உரியது என்று விளக்கம் மாறியது. எங்கள் சின்னத்தில் கேடயத்தை ஒருபுறம் சிங்கமும் மறுபுறம் புலியும் தாங்குகின்றன. புலி மலாயாவுடனான உறவைக் குறிக்க 1959இலேயே வந்தது. அதை யாரும் தொடவில்லை.

மாமா வந்தால் இதைச் சொல்லியே வம்புக்கு இழுப்பார்: "எங்க கொடியில உனக்கு ஒரு கோடு பாக்கி இருக்குக்கா."

"எங்க சின்னத்துல உன் புலி நிக்குது, அதைக் கூட்டிட்டுப் போ," என்பார் அம்மா.

இருவரும் சிரிப்பார்கள். ஆனால் 1967 முதல் ஜொகூர்ப் பாலத்தில் கடப்பிதழ் கேட்டார்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஆளுக்கொரு நிறத்தில் அடையாள அட்டை வைத்திருந்தார்கள். கோட்டுக்குப் புது விளக்கம் எழுதியவர்கள், அக்கா தம்பிக்கு ஒன்றும் எழுதித் தரவில்லை. மாமா மகள் கல்யாணத்துக்கு, அத்தை வீட்டுச் சீரோடு நாங்கள் குடிநுழைவு வரிசையில் நின்றோம்.