ஐந்து கிலோ அரிசியும் அம்மாவின் சுங்குடியும்

மாம்பலம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலப் படிகளில் அந்தச் சனிக்கிழமை ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினார் அவர். வயது 58. குரோம்பேட்டை வீட்டிலிருந்து கொண்டு வந்த அரிசி அது. மாலையில் அப்படியே வீட்டுக்குத் திரும்பியும் விட்டது.

பார்த்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். அவருக்கோ, அந்த எடையில் ஒரு தையல் மெஷினை வாராவாரம் தூக்கி வர முடியுமா என்று தெரிய வேண்டியிருந்தது. முந்தைய வாரம் ஏழு கிலோவுடன் வந்து, பாதிப் படியிலேயே மூச்சு வாங்கியிருந்தது. ஐந்து கிலோவுடன் நிற்காமல் ஏறிவிட்டார்.

எல்லாம் அம்மாவின் புடவைகளால் வந்தது. அம்மா போன பிறகு அவர் பங்குக்கு வந்தவை ஒன்பது பருத்திப் புடவைகள். நான்கு சுங்குடி, மீதி செட்டிநாட்டுக் கட்டம். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆனவை. கட்டவும் முடியாது, தூக்கிப் போடவும் மனம் வராது. வெட்டி இணைத்து, பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கு ஒரு குவில்ட் போர்வை தைத்துவிடலாம் என்று தி.நகரில் ஒரு வகுப்பில் சேர்ந்தார். மெஷினை அவரவரே கொண்டு வர வேண்டும்.

வீட்டில் அம்மா காலத்துக் கால் மிதி மெஷின் இருக்கிறது. ஆனால், அதன் இரும்புத் தலையை மட்டும் கழற்றினாலே பத்து கிலோவைத் தாண்டும். பெங்களூரிலிருக்கும் மகன் ஆன்லைனில் ஒரு குட்டி மெஷினை அனுப்பி வைத்தான். ஒரு கிலோதான், கைப்பையிலேயே அடங்கியது.

முதல் வகுப்பிலேயே அது காலை வாரியது. குவில்ட் என்றால் மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி. இரண்டு அடுக்கு வரை ஓடிய மெஷின், மூன்றாவது சேர்ந்ததும் முனகிக்கொண்டு நின்றது. தையல் விட்டு விட்டு விழுந்திருந்தது. பிரித்தபோது சுங்குடி கிழிந்தது.

“கடைக்குப் போய் வேற வாங்கிக்கிற துணியா அது?” என்று இன்றும் வருத்தப்படுகிறார். நைந்த துணி, பிரித்துத் தைப்பதைத் தாங்காது. ஒரே தையலில் சரியாக விழ வேண்டும்.

அன்று டீச்சர் சொன்னது அவர் மனதில் தங்கிவிட்டது. “எத்தனை தையல் வரும்னு பார்க்காதீங்க. நேர்த்தையல் ஒழுங்கா விழுதான்னு மட்டும் பாருங்க.” கூடவே ஒரு கதையும் சொன்னார். அமெரிக்காவில் 1933-ல் சிங்கர் நிறுவனம் கொண்டுவந்த ‘ஃபெதர்வெயிட் 221’ அலுமினிய உடம்பு கொண்டது, சுமார் ஐந்து கிலோ. நேர்த்தையல் ஒன்றுதான் வரும். உற்பத்தி நின்று எவ்வளவோ ஆண்டுகளாகியும், குவில்ட் வகுப்புகளுக்கு அதைத் தூக்கிப் போகிறவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

தீபாவளிப் பட்டுக்கென்று கட்டி வந்த சீட்டுப் பணத்துடன் கடைக்குப் போனார். கூடவே, மூன்று அடுக்கு வைத்துக் கட்டிய ஒரு துண்டு.

“அம்மா, இதுல 60 தையல் வரும்” என்று மொடமொடப்பான ஒற்றைத் துணியில் பூ வேலை செய்து காட்டினார் கடைக்காரர்.

“அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, இதுல தைச்சுக் காட்டுங்க” என்று தன் துண்டை நீட்டினார்.

அந்த மெஷினில் அடித்துணி நேராக வந்தது. மேல்துணி நகர்ந்து சுருங்கியது. ஊசிக்குக் கீழிருக்கும் பல் அடித்துணியை மட்டும்தான் இழுக்கும். மேலே அழுத்தும் ஃபுட்டுக்கு அடியில் மேல்துணி பின்தங்கிவிடும். அதற்கென்றே ‘வாக்கிங் ஃபுட்’ என்று ஒன்று உண்டு. மேல்துணியையும் அதே வேகத்தில் நகர்த்தும். அதை மாட்டக்கூடிய, உள்ளே உலோகச் சட்டம் உள்ள, மெதுவாகவும் ஓட்டக்கூடிய ஒரு மெஷினில் தையல் ஒரே சீராக விழுந்தது. வருவது சில தையல்கள்தான், விலையும் 60 தையல் மெஷினைவிடக் குறைவு. எடை ஐந்தரை கிலோ. கடைக்குள்ளேயே தூக்கி நடந்து பார்த்துவிட்டுத்தான் பணத்தைக் கொடுத்தார்.

“வாங்கறதுக்கு முன்னாடி தூக்கிப் பாருங்க. கடைக்காரர் துணியில இல்ல, உங்க துணியில தைச்சுப் பாருங்க” என்பதுதான் இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் அவர் சொல்வது.

போர்வை இன்னும் முடியவில்லை. நான்கு புடவைகள்தான் வெட்டப்பட்டிருக்கின்றன. கிழிந்த சுங்குடித் துண்டின் மேல் இன்னொரு துண்டு வைத்துத் தைத்து, போர்வையின் நடுவில் சேர்த்திருக்கிறார். “இந்த வயசுல எதுக்கு இந்த அலைச்சல்?” என்று கேட்ட கணவர், சனிக்கிழமைகளில் குரோம்பேட்டை ஸ்டேஷன் வரை மெஷினைத் தூக்கி வருகிறார்.

மாம்பலம் படிகளில் மட்டும் அவரேதான் தூக்குகிறார்.