கட்டு அவிழ்ந்த மரம்

நரிக்குடிப் பக்கம் போயிருக்கிறீர்களா? கண்மாயே காய்ந்து கிடக்கிற சீமை. எங்கு பார்த்தாலும் கருவேலம். அங்கே விறகு சுமக்கும் அப்பத்தாவுக்குக் 'கட்டு', 'மரம்' இரண்டும் வீட்டுச் சொல். சேர்த்துச் சொன்னால் இங்கிலீஷ்!

சோழமண்டலக் கரையில் பார்த்த கட்டுமரத்தை 1697-ல் வெளியான தன் பயண நூலில் எழுதினார் வில்லியம் டாம்பியர். அதுதான் 'கேட்டமரான்'. இன்றைக்கு அந்தப் பெயரில் ஓடுவது இரட்டை உடல் படகு, பெரும்பாலும் ஃபைபர். கட்டும் கிடையாது, மரமும் கிடையாது. மூன்று உடல் வைத்தால் 'ட்ரைமரான்'. நம்ம மரம் அங்கே படகாகிவிட்டது! எனக்குக் கொஞ்சம் பெருமை, நிறைய எரிச்சல்.

நிஜக் கட்டுமரம் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். மறுநாள் திரும்பவும் கட்டு. நம் கரையிலும் இப்போது ஃபைபர் படகுகள்தான் அதிகம். அவற்றை யாரும் அவிழ்ப்பதில்லை.