மீந்துபோன திருகாணி

சாப்பாட்டு மேசையின்மேல் பழைய செய்தித்தாள் விரிக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு சிறிய ஹெலிகாப்டர் நின்றுகொண்டிருந்தது. மூக்கிலிருந்து வால்வரை அளந்தால் ஒரு சாணைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அதைக் கட்டி முடிக்க அந்த மாணவனுக்கு நான்கு மாதங்கள் ஆயின. மறுநாள் பள்ளி அறிமுக நாள். உயர்நிலைப் பள்ளியைப் பார்க்க வரும் தொடக்கப்பள்ளி மாணவர்களின் முன்னிலையில் அவன் அதைப் பறக்கவிட வேண்டும்.

இரவு மணி ஒன்பதரை. கருவிகளை எடுத்துவைக்கும்போது செய்தித்தாளின் மடிப்பில் ஏதோ மின்னியது. அவன் குனிந்து பார்த்தான். அரிசிமணியில் பாதிகூட இல்லாத ஒரு திருகாணி கிடந்தது.

இது எங்கிருந்து வந்தது?

அவன் சிங்கப்பூரில் உயர்நிலை மூன்றில் படிப்பவன். தேசிய சேவைக்குச் சென்ற அவனுடைய மாமா மகன் அந்த ஹெலிகாப்டரை அவனிடம் கொடுத்திருந்தார். கொடுக்கும்போதே அதன் வால் முறிந்திருந்தது, அச்சு வளைந்திருந்தது, ஓர் இறக்கையைக் காணவில்லை. அதைத் தயாரித்த நிறுவனம் அந்த வகையைச் செய்வதை நிறுத்திவிட்டது. ஆனால், அதற்குப் பொருந்தும் உதிரிபாகங்களை வேறு பல நிறுவனங்கள் செய்து விற்றன. அவன் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து அவற்றை ஒவ்வொன்றாக வாங்கினான்.

வாங்குவதற்குமுன் ஹெலிகாப்டர் எப்படிப் பறக்கிறது என்பதை அவன் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மேலே உள்ள பெரிய சுழலி ஒரு திசையில் சுற்றினால், உடல் அதற்கு எதிர்த்திசையில் சுற்றப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவதே வாலில் உள்ள சிறிய சுழலியின் வேலை. 1939ஆம் ஆண்டு அமெரிக்காவில் இகோர் சிகோர்ஸ்கி தாம் வடிவமைத்த விஎஸ்-300 ஹெலிகாப்டரைத் தாமே ஓட்டிப் பார்த்தார். அதில் இத்தகைய அமைப்புதான் இருந்தது. முதல்முறை அது கயிறுகளால் பிணைக்கப்பட்டே தரையைவிட்டு எழும்பியது. இன்றும் பெரும்பாலான ஹெலிகாப்டர்களில் ஒரு பெரிய சுழலியும் வாலில் ஒரு சிறிய சுழலியும் இருக்கின்றன.

தொடக்கத்தில் அவனுக்கு ஓர் எண்ணம் இருந்தது. பிளாஸ்டிக்கைவிட உலோகம் நல்லது. மலிவானதைவிட விலை உயர்ந்தது நல்லது. ஆகவே, இறக்கைகளைத் தாங்கும் சுழலித் தலையை அலுமினியத்தில் வாங்கினான். வாலுக்குப் பெரிய மோட்டார் ஒன்றைப் பொருத்தினான். அம்மா மாவு நிறுக்கும் தராசில் ஹெலிகாப்டரை வைத்துப் பார்த்தான். முன்பு 45 கிராம் இருந்திருக்க வேண்டிய அது இப்போது 52 கிராம் இருந்தது. வால் கனத்துவிட்டதால், சுழலித் தலையைப் பிடித்துத் தூக்கும்போது மூக்கு மேல்நோக்கி நின்றது. மின்கலனை முன்னே நகர்த்திச் சமன்செய்தான். ஆனாலும், கூடுதல் எடையைத் தூக்கிய களைப்பில் மின்கலன் விரைவிலேயே தீர்ந்துபோனது.

ஒருநாள் வரவேற்பறையில் பறந்துகொண்டிருந்த ஹெலிகாப்டர் நாற்காலியில் மோதி விழுந்தது. அலுமினியத் தலைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவன் மகிழ்ந்தான். உள்ளே திறந்து பார்த்தபோதுதான் மகிழ்ச்சி மறைந்தது. இறக்கைகளின் சாய்வை மாற்றும் சிறிய செர்வோ மோட்டாரின் பல்சக்கரம் நொறுங்கிக் கிடந்தது.

அவனுடைய தந்தை விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர். சாங்கி விமான நிலையத்தில் வேலை செய்பவர். அவர் உடைந்த பல்சக்கரத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“மோதலின் வேகம் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? பிளாஸ்டிக் தலையாக இருந்தால் அது உடைந்து அந்த வேகத்தை வாங்கிக்கொண்டிருக்கும். உலோகம் உடையாமல் அதை அடுத்த பாகத்திற்கு அனுப்பிவிட்டது. வீட்டில் ஃபியூஸ் எதற்கு இருக்கிறது? மலிவான ஒன்று போனால் விலை உயர்ந்தது தப்பிக்கும்,” என்றார்.

அவன் மீண்டும் பிளாஸ்டிக் தலைக்கே திரும்பினான். பழைய அளவிலான வால் மோட்டாரையே வாங்கிப் பொருத்தினான். எளிதில் வளையாத, எடை குறைந்த கார்பன் இழை அச்சை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டான். எடை 46 கிராமுக்கு இறங்கியது. ஹெலிகாப்டர் முகத்துக்கு நேரே அசையாமல் நின்ற அன்று, வீட்டில் உள்ள எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினான்.

இப்போது அந்தத் திருகாணி அவன் விரல் நுனியில் இருந்தது.

“அப்பா, உதிரிபாகப் பொட்டலத்தில் சில சமயம் ஒன்றிரண்டு திருகாணிகளைக் கூடுதலாகவே போட்டு அனுப்புவார்கள். இது அப்படிப்பட்டதாக இருக்குமா?” என்று கேட்டான்.

“இருக்கலாம்.”

“இல்லாவிட்டால்?”

“எனக்கு எப்படித் தெரியும்? கட்டியவன் நீதானே.”

தந்தை மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. அவர் வேலை செய்யும் இடத்தைப் பற்றி முன்பு கூறியது அவனுக்கு நினைவுக்கு வந்தது. அங்கே ஒவ்வொரு கருவிக்கும் பெட்டிக்குள் அதன் வடிவத்திலேயே ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். வேலை முடிந்ததும் ஒரு பள்ளம் காலியாக இருந்தால், அந்தக் கருவி எங்கே என்று தெரியும்வரை விமானத்தை அனுப்ப மாட்டார்கள். கருவி யாருடைய பையிலாவது இருக்கலாம். விமானத்தின் உள்ளேயும் இருக்கலாம்.

பொட்டலத்தைப் பிரித்தபோது திருகாணிகளை அவன் எண்ணவில்லை. ஒவ்வோர் இறக்கையையும் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகாணிதான். நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றும்போது ஓர் இறக்கை கழன்று பறந்தால் என்ன ஆகும்? நாளை முன்வரிசையில் தரையில் அமர்ந்திருக்கப்போகிறவர்கள் பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். வெளியிலிருந்து பார்த்தால் ஹெலிகாப்டரில் எந்தக் குறையும் தெரியவில்லை. இந்தத் திருகாணியைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது.

அவன் மேசை விளக்கைப் போட்டான். மின்கலனைக் கழற்றினான்.

முதலில் மேலுறையை எடுத்தான். பிறகு இறக்கைகள், சுழலித் தலை, வால். பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளில் அடுக்கினான். ஒவ்வொரு துளையையும் பார்த்து, குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டான். மின்சுற்றுப் பலகையின் அடியில் இருந்த துளைகளைப் பார்க்க அதையும் கழற்ற வேண்டியிருந்தது. மொத்தம் 23 துளைகள். அவை அனைத்திற்கும் உரிய திருகாணிகள் இருந்தன.

அது பொட்டலத்தோடு வந்த கூடுதல் திருகாணிதான்.

எல்லாவற்றையும் மறுபடி பூட்டி, ஒரு நிமிடம் பறக்கவிட்டுப் பார்த்தபோது நள்ளிரவை நெருங்கிவிட்டது. அவன் கண்களைக் கசக்கினான்.

“ஒரு குறையும் இல்லை, அப்பா. இரண்டு மணி நேரம் வீணாகிவிட்டது.”

தந்தை அவன் குறிப்பேட்டில் இருந்த கோடுகளைப் பார்த்தார். “ஒன்பதரை மணிக்கு நீ, ‘இருக்குமா’ என்று கேட்டாய். இப்போது, ‘இல்லை’ என்று சொல்கிறாய். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இரண்டு மணி நேரம். எங்களுக்கும் அதற்குத்தான் சம்பளம்,” என்றார்.

மறுநாள் பள்ளி மண்டபத்தில் ஆசிரியர் தரையில் மஞ்சள் நாடாவை ஒட்டிக் கோடு போட்டிருந்தார். பிள்ளைகள் அந்தக் கோட்டுக்குப் பின்னால் அமர்ந்திருந்தார்கள். ஹெலிகாப்டர் தேனீயைப்போல ரீங்கரித்தபடி எழுந்தது. இரண்டு மீட்டர் உயரத்தில் அசையாமல் நின்றது. மெல்லத் திரும்பி, ஒரு வட்டம் அடித்து, புறப்பட்ட இடத்திலேயே இறங்கியது. கைதட்டல் எழுந்தது.

முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி கையை உயர்த்தினாள். “அண்ணா, அது எங்கள்மேல் விழுந்துவிடாதா?”

அவன் சற்று யோசித்தான். பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

“என் கை தவறினால் விழலாம். அதனால்தான் உங்களைக் கோட்டுக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறோம். ஆனால், திருகாணி இல்லாமல் விழாது. நேற்று இரவு ஒவ்வொன்றையும் எண்ணிவிட்டேன்,” என்றான்.

அவனுடைய சட்டைப்பையில், சிறிய பிளாஸ்டிக் உறைக்குள், அந்த இருபத்து நான்காவது திருகாணி இருந்தது.