வடைச் சட்டி எண்ணெயில் ஆயில் எஞ்சின் ஓடுமா?

டீக்கடையிலும் பரோட்டாக் கடையிலும் காய்ந்து காய்ந்து கறுத்துப்போன எண்ணெயை டீசலோடு கலந்து ஆயில் எஞ்சினில் ஊற்றலாமா? டீசல் விலை 90 ரூபாயைத் தாண்டியதிலிருந்து விவசாயிகள் விடாமல் கேட்கும் கேள்வி இது. ஊற்றினால் எஞ்சின் ஓடும், அதில் சந்தேகமில்லை. ஒரு போகம் முழுக்கக் கைவிடாமல் ஓடுமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தாவர எண்ணெயில் டீசல் எஞ்சின் ஓடுவது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1900-ல் பாரீஸ் நகரில் நடந்த பொருட்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ஆப்பிரிக்கக் காலனிகளில் நிலக்கடலை நன்றாக விளைகிறதே, அதையே எரிபொருளாக்க முடியுமா என்று பிரெஞ்சு அரசு பார்க்க நினைத்தது. எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே 1912-ல் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். பிறகு பெட்ரோலிய டீசல் மலிவாகக் கிடைக்கவே, பம்பும் நாசிலும் அந்த மெல்லிய எண்ணெய்க்குத் தக்கபடியே செய்யப்பட்டு வந்தன.

சிக்கல் அங்கேதான். டீசலைவிடச் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 10 மடங்கு கெட்டியானது. நாசில் துளையில் டீசல் பனிபோலத் தூவும். எண்ணெயோ பெரிய பெரிய துளிகளாக விழும். துளி முழுவதும் எரியாது. எரியாத மிச்சம் நாசில் முனையில் கரியாகப் பிடிக்கும், பிஸ்டன் ரிங்கை ஒட்டவைக்கும், ரிங் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலந்து அதையும் கெட்டியாக்கும். எல்லாம் மெதுவாக நடப்பதால் முதல் பத்து நாளில் ஒன்றும் தெரியாது.

நாகை மாவட்டக் கடைமடையில் இரண்டரை ஏக்கர் சம்பா வைத்திருந்த ஒரு விவசாயிக்கு அப்படித்தான் ஆயிற்று. மின் இணைப்புக்கு எழுதிப்போட்டுக் காத்திருப்பவர். வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்தால் 5 குதிரைத்திறன் எஞ்சினை வைத்து இறைத்துக்கொள்வார். கடைத்தெருவில் மச்சான் டீக்கடை வைத்திருக்கிறார். வடைச் சட்டி எண்ணெய் சும்மாவே கிடைத்தது. டீ வடிகட்டும் துணியில் வடித்து, டீசலோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார். புகையில் வடை மணந்தது. தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று சிரித்துவிட்டுப் போனார்கள், அவருக்கும் பெருமைதான்.

ஐந்தாவது வாரம் காலையில் ஹேண்டில் போட்டால் எஞ்சின் பிடிக்கவில்லை. பிடித்தாலும் வெள்ளைப் புகை. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஒருநாள் சாயங்காலம் அடியோடு நின்றது. மெக்கானிக் பையன் நாசிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: “என்ன மாமா ஊத்துனீங்க?”

“எண்ணெதான்டா. மச்சான் கடை எண்ணெ.”

“ஆயில எடுத்துப் பாருங்க. தேன் மாதிரி இழுக்குது.”

ரிங் ஒட்டியிருந்தது. உதிரிபாகம் வந்து சேர எட்டு நாள் ஆயிற்று. வாடகை எஞ்சினுக்கு ஊரே வரிசையில் நின்ற நேரம் அது. வயல் வெடித்து, அறுவடையில் மேட்டுப்பக்கம் முழுக்கப் பதராகப் போனது. மிச்சம் பிடித்த டீசல் காசு அந்தப் பதருக்குக் காணவில்லை.

அவர் செய்ததில் மூன்று கோளாறு. எண்ணெயில் இருந்த தண்ணீரைப் பிரிக்கவில்லை, வடிகட்டியது போதாது, கலந்த அளவு அதிகம். இதில் தண்ணீர்தான் பெரிய எதிரி. வடைமாவிலும் பஜ்ஜிக் காயிலும் இருக்கிற ஈரம் எண்ணெயில் நுண்துளியாக நிற்கும். அந்த ஈரத்தில் உப்பும் கரைந்திருக்கும். உப்புத் தண்ணீர் பம்பின் உள்ளே போனால் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? நீருக்கும் எண்ணெய்க்கும் எடை வித்தியாசம் குறைவு. அதனால் நீர் அடியில் இறங்க நாள் பிடிக்கும். மூன்று வாரம் அசைக்காமல் வைக்க வேண்டும். டிரம்மின் அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் குழாய் வைத்துக்கொண்டால் மேலே தெளிந்ததை மட்டும் எடுக்கலாம், மண்டி அடியிலேயே நிற்கும்.

தெளிந்த எண்ணெயை 60 டிகிரி அளவுக்கு, அதாவது விரலை வைத்தால் உடனே இழுத்துக்கொள்ளும் சூட்டுக்கு, தனியாகச் சூடாக்கி ஒரு நாள் ஆறவிட்டால் மீதி ஈரமும் இறங்கும். டீசல் கலந்தபின் அடுப்பில் வைக்கவே கூடாது, டீசல் கேனும் அடுப்புப் பக்கம் இருக்கக் கூடாது. ஈரம் இருக்கும் எண்ணெயை வேகமாகக் காய்ச்சினால் பொங்கித் தெறிக்கும். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இந்த வேலை வேண்டாம். ஈரம் போனதா என்று பார்க்கப் பெண்கள் செய்யும் சோதனையே போதும்: காய்ந்த தோசைக்கல்லில் ஒரு சொட்டு விட்டால் சடசடக்கக் கூடாது. பிறகு காடாத் துணியில் ஒருமுறை, 5 மைக்ரான் கம்பளிப் பை வடிகட்டியில் ஒருமுறை வடிக்க வேண்டும். வேட்டித் துணியை நாலாக மடித்தாலும் கண்ணுக்குத் தெரியாத மாவுத் துகள் நிற்காது.

கடைகளில் வருவது பெரும்பாலும் பாமாயில். மார்கழிக் குளிரில் அது உறைந்து பில்டரை அடைக்கும். கலந்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஒரு ராத்திரி வெளியே வைத்து, காலையில் கலங்கியிருந்தால் அந்த மாதத்துக்கு ஊற்றாமல் இருப்பது நல்லது. கலவையும் டீசல் எட்டுப் பங்குக்கு எண்ணெய் இரண்டு பங்கைத் தாண்ட வேண்டாம். ஒரு பங்கோடு நின்றால் இன்னும் நல்லது. வெறும் டீசலில் கிளப்பி, எஞ்சின் சூடேறியபின் கலவைக்கு மாற்றி, நிறுத்துவதற்குப் பத்து நிமிடம் முன்பு மறுபடி டீசலுக்கு வர வேண்டும். இரண்டு டேங்கும் ஒரு திருப்புக் குழாயும் இருந்தால் இது சாத்தியம். இதெல்லாம் பழைய, வேகம் குறைந்த ஆயில் எஞ்சினுக்குத்தான். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட, 2023-க்குப் பின் வந்த டிராக்டர்களில் இருக்கும் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு நாசில்களில் ஒரு கரண்டிகூட ஊற்றக் கூடாது. கலந்ததை டீசல் என்று விற்பது குற்றம்.

பயோடீசல் வேறு. அதற்கு 100 லிட்டர் எண்ணெயோடு ஏறத்தாழ 20 லிட்டர் மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்துக் கிளிசரினைப் பிரிக்கிறார்கள். மெத்தனால் என்னவென்று 2024-ல் கள்ளக்குறிச்சி சொல்லிவிட்டது. வீட்டுக் கொல்லையில் செய்கிற வேலை அல்ல அது.

இனி காசுக் கணக்கு. 5 குதிரைத்திறன் எஞ்சின் முழுப் பளுவில் மணிக்குச் சுமார் 1 லிட்டர் குடிக்கும். 100 மணி நேரத்துக்கு 100 லிட்டர். அதில் 20 லிட்டர் எண்ணெய் கலந்தால், டீசல் 92 ரூபாய் என்று வைத்து 1,840 ரூபாய் மிச்சம். எண்ணெயை 40 ரூபாய்க்கு வாங்கினால் மிச்சம் 1,040 ரூபாயாகக் குறையும். எஞ்சின் ஆயிலைப் பாதி நாளிலேயே மாற்ற வேண்டும், நாசிலை அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும், பை வடிகட்டி வாங்க வேண்டும். அந்த ஆயிரம் இவற்றுக்கே சரியாகிவிடும். ஆக, எண்ணெய் சும்மா கிடைக்கிறவருக்கு மட்டுமே இது கட்டும். காசு கொடுத்து வாங்கி ஊற்றுவது வீண் வேலை.

சும்மா கிடைக்கும் நாளும் குறைந்து வருகிறது. 2018 ஜூலையிலிருந்து, கெட்டுப்போன துருவப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வைத்திருக்கிறது. அந்த எண்ணெயைக் கடைகளிலிருந்து வாங்கி பயோடீசல் ஆலைக்குக் கொண்டுபோகும் திட்டமும் அதே ஆண்டு வந்தது. கறுத்த எண்ணெய் மறுபடி இன்னொரு கடையின் சட்டிக்கே போவதைத் தடுக்க இது தேவைதான். ஆலைக்குப் போகட்டும், எஞ்சினுக்குப் போகட்டும், மாட்டுத் தீவனத்துக்கும் மனிதர் வயிற்றுக்கும் போகாமல் இருந்தால் சரி.

கடைமடை விவசாயி இப்போது டிரம் வைத்துத் தெளியவிட்டு, பத்தில் ஒரு பங்கு மட்டும் கலக்கிறார். எஞ்சின் ஆயில் மாற்றும் தேதியைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதிவைக்கிறார். போன மாதம் சேகரிப்பு வண்டிக்காரர் கடைத்தெருவுக்கு வந்து லிட்டருக்கு விலை பேசிவிட்டுப் போனதிலிருந்து மச்சானும் காசு கேட்க ஆரம்பித்திருக்கிறார்.