முதலில் பரிமாறு, பிறகு சாப்பிடு

"சிந்தாம சாப்பிடு" என்று மூன்று வயதுக் குழந்தையிடம் சொல்வதால் பெரிய பயன் எதுவும் இல்லை. சிந்தக் கூடாது என்பது அதற்கு முன்பே தெரியும். சிந்தாமலிருக்கக் கை என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியாது. டம்ளரை எந்த இடத்தில் பிடிப்பது, எவ்வளவு சாய்ப்பது, வாயருகே கொண்டுபோகும்போது எதைப் பார்ப்பது எல்லாவற்றையும் நாம் என்றோ கற்றோம், கற்றதையே மறந்துவிட்டோம். மறந்துவிட்டதால் காட்டித்தர வருவதில்லை; அதட்டத்தான் வருகிறது.

மாண்டிசோரி முறையில் பயிற்சி பெற்று, சென்னையில் பல வருடங்கள் சிறு குழந்தைகளோடு வேலை பார்த்தவள் நான். இப்போது என் பேரப்பிள்ளைகளோடும், கூப்பிடுகிற குடும்பங்களோடும் சாயங்கால வேளையில் 'டீ பார்ட்டி' நடத்துகிறேன். பேர்தான் பெரிது. ஒரு பாய், ஒரு தாழ்வான பலகை, ஆளுக்கொரு டம்ளர், தட்டில் ஏதோ ஒரு பலகாரம், எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம். இதில் குழந்தை விருந்தாளி இல்லை, வீட்டுக்காரர். பெரியவர்கள்தான் விருந்தாளிகள்.

இந்த வேலைக்கு நான் ஆதாரமாக வைத்திருப்பது மரியா மாண்டிசோரி சொன்ன ஒரு சம்பவம். 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லோரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் அவர் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கே ஒருநாள், மூக்கை எப்படிச் சிந்துவது என்று பிள்ளைகளுக்குச் செய்து காட்டினார். கைக்குட்டையை எப்படி மடிப்பது, சத்தம் வராமல் எப்படித் துடைப்பது என்று நிதானமாகக் காட்டினார். சிரிப்பார்கள் என்று நினைத்தார். சிரிக்கவில்லை, முடிந்ததும் கைதட்டினார்கள். மூக்கு ஒழுகுகிறது என்று அந்தப் பிள்ளைகள் அதுவரை திட்டு வாங்கியிருக்கிறார்கள், அவமானப்பட்டிருக்கிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்று கௌரவமாகக் காட்டியவர் அவர்தான். 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அவர் அடையாறுக்கு வந்து, ஓலைக் கொட்டகைகளில் ஆசிரியர்களுக்கு வகுப்பெடுத்தார். அந்த வழியில் வந்த பயிற்சியில் நான் கற்ற முதல் பாடமும் இதுவே: முதலில் காட்டு, திருத்துவதைப் பிறகு பார்க்கலாம்.

ஏன் மத்தியானச் சாப்பாட்டில் ஆரம்பிக்கக் கூடாது என்று கேட்கிறார்கள். நம் வீடுகளில் சாப்பாட்டு நேரம் வேறொரு போராட்டத்துக்கு உரியது. பிள்ளை எத்தனை வாய் சாப்பிட்டது, பருப்புச் சோற்றை முடித்ததா, துப்பியதா என்ற கவலை அம்மா முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். ஒரு கையில் சோற்றுக் கிண்ணம், எதிரே டிவி. வயிற்றை நிரப்பும் வேலையையும் பழக்கம் சொல்லித்தரும் வேலையையும் ஒரே நேரத்தில் செய்ய யாராலும் முடியாது. நாலரை மணிப் பலகாரத்துக்கு அந்தப் பாரம் இல்லை. பாதியில் வைத்துவிட்டாலும் யாரும் பதறமாட்டார்கள். பெரியவர்கள் பதறாத இடத்தில்தான் குழந்தையின் கை பழகும்.

டீ பார்ட்டி என்றாலும் குழந்தைகளுக்கு டீ கிடையாது. உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேயிலையின் டானின் குறைக்கிறது. இரத்தசோகை இவ்வளவு பரவலாக உள்ள ஊரில் அந்தப் பழக்கத்தை நானே தொடங்கிவைக்க மாட்டேன். அவர்களுக்குக் காய்ச்சி ஆறவைத்த பால், பானகம், வெயில் காலத்தில் நன்னாரி சர்பத். பெரியவர்களின் சூடான டீ, கை எட்டாத உயரத்திலிருந்து கடைசியில் வரும். பலகையின் மேல் தொங்குகிற விரிப்பு போடுவதில்லை. தவழ்கிற தம்பி ஒருவன் எப்போதும் இருப்பான். அவன் கையில் விரிப்பின் நுனி அகப்பட்டால் மேலே இருப்பதெல்லாம் அவன் தலையில்தான்.

இனி ஜக். இந்தக் கலையில் பாதி அதற்குள் இருக்கிறது. கடையில் பொம்மை செட்டோடு வரும் பிளாஸ்டிக் ஜக் உதவாது. அதன் மூக்கு வழியாகத் திரவம் ஒழுங்காக விழாது. நல்ல மூக்குள்ள, குழந்தையின் ஒரு கையில் அடங்குகிற ஸ்டீல் அல்லது பீங்கான் ஜக் வேண்டும். அதில் ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாகவே பால் ஊற்றி வைப்பேன். குழந்தை முழுவதையும் கவிழ்த்தாலும் டம்ளர் வழியாது. அடுத்தவருக்கு ஊற்ற மறுபடி என்னிடம் வந்து நிரப்பிக்கொண்டு போக வேண்டும். அந்த நடையிலேயே அவசரம் குறைந்துவிடும்.

இதற்கு முன்பே பல நாள் ஒத்திகை நடந்திருக்கும். முதலில் இரண்டு ஜக்குக்கு இடையே துவரம் பருப்பு, அப்புறம் அரிசி, அப்புறம் தண்ணீர். காட்டும்போது நான் பேசமாட்டேன். பேசினால் குழந்தை என் முகத்தைப் பார்க்கும், கையை விட்டுவிடும். மூக்கு டம்ளரின் நடுவில் வரும்படி வைப்பது, மெல்லச் சாய்ப்பது, நிறுத்துவது, தொங்கும் கடைசிச் சொட்டை டம்ளரின் விளிம்பில் தொட்டு எடுப்பது. அந்தக் கடைசிச் சொட்டில்தான் பிள்ளைகளுக்கு அப்படியொரு ருசி. அதற்காகவே திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள்.

சிந்தும். அதற்குத்தான் குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் ஆணியில் ஒரு துணி தொங்குகிறது. "ஐயோ" கிடையாது, "பரவாயில்லை" கூடக் கிடையாது. "துணி எங்க இருக்கு?" என்ற ஒரே கேள்விதான். துடைப்பதும் ஊற்றுவதைப் போலவே ஒரு வேலை. ஓரத்திலிருந்து உள்நோக்கித் துடைக்க வேண்டும் என்பதையும் காட்டித்தர வேண்டியிருக்கிறது.

மாண்டிசோரி வகுப்பில் உடையும் பாத்திரங்களையே குழந்தைகளிடம் கொடுப்போம். உடையும் என்று தெரிந்தால் கை தானாக மெதுவாகும். நம் வீட்டு ஸ்டீல் டம்ளர் உடையாது. ஆனால் அது காட்டிக்கொடுக்கும். பலகையில் 'டங்'கென்று வைத்தால் தெரு வரைக்கும் கேட்கும். சத்தம் வராமல் யார் வைக்கிறார்கள் என்று விளையாட்டாகத் தொடங்கினால், ஒரு வாரத்தில் அப்பாவைத் திருத்துகிற அளவுக்குப் பிள்ளைகள் தேறிவிடுவார்கள்.

பலகாரத்தையும் யோசித்தே தேர்ந்தெடுக்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. முறுக்கு வாயை மூடி மெல்லக் கற்றுக்கொடுக்கும். திறந்து மென்றால் சத்தம் தனக்கே கேட்கும். சுண்டலுக்குக் கரண்டி வேண்டும். தட்டின் ஓரத்தில் ஒதுக்கி எடுக்காவிட்டால் உருண்டோடும். வாழைப்பழம், தோலை எங்கே வைப்பது என்ற கேள்வியைக் கொண்டுவரும். ரஸ்க்கைப் பாலில் நனைத்தால், எப்போது எடுக்க வேண்டும் என்று பொறுமை பழகும். தாமதித்தால் பாதி அடியில் போய்விடும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் முழு வேர்க்கடலை வைப்பதில்லை. சிரித்துக்கொண்டே சாப்பிடும்போது மூச்சுக்குழாயில் போய்விடக்கூடும்.

ஒன்று மட்டும் எடுத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் கடினம். அதைச் சொல்லித்தர எனக்குத் தெரிந்த ஒரே வழி, தட்டைக் குழந்தையிடமே கொடுத்து எல்லாருக்கும் நீட்டச் சொல்வது. பார்ட்டிக்கு முன் குழந்தை வீட்டில் உள்ளவர்களை எண்ணிச் சொல்லும். எண்ணியபடி டம்ளர், எண்ணியபடி முறுக்கு. தாத்தா பாட்டியில் தொடங்கி வரிசையாகப் போய்க் கடைசியில் தனக்கு. யாராவது இரண்டு எடுத்துவிட்டால் தட்டு காலியாகித் தனக்கு இல்லாமல் போகும் என்பதை ஐந்து வயது தானே கண்டுபிடித்துக்கொள்ளும். வாங்கித் தின்னும் இடத்தில் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் இது புரியாது. பரிமாறுகிற கைக்கு உடனே புரிந்துவிடுகிறது. அடுத்த முறை வேறொரு பிள்ளை தட்டு நீட்டும்போது இந்தக் குழந்தை ஒன்றே ஒன்றை, அதுவும் தன் பக்கத்தில் இருப்பதை எடுக்கும்.

எச்சில் என்பது நம் பந்தியின் ஆதார விதி. சாப்பிடுகிற கையால் பொதுக் கரண்டியைத் தொடக் கூடாது. பொதுச் சொம்பில் வாய் வைக்கக் கூடாது. வலது கை, இடது கை என்று சொல்லாமல் 'சாப்பிடுற கை', 'எடுக்கிற கை' என்று சொல்லித்தருகிறேன். இடது கைப் பழக்கமுள்ள பிள்ளையையும் இது தொந்தரவு செய்வதில்லை. காரணம் தெரிந்த விதியைப் பிள்ளைகள் மறப்பதும் இல்லை. அண்ணாந்து குடிப்பதைத் தண்ணீரில் மட்டும்தான், அதுவும் நாலு வயதுக்கு மேல்தான் பழக்குகிறேன். சட்டை நனைவதைப் பற்றிப் புகார் செய்பவர்கள் அன்றைக்கு வர வேண்டாம்.

பேச்சையும் பரிமாறத்தான் வேண்டும். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே புகுந்து கத்தும் குழந்தைக்கு ஒரு வழி காட்டுகிறோம்: பேச வேண்டியவரின் கைமேல் தன் கையை வைத்துக் காத்திருப்பது. அவர் தம் இன்னொரு கையை அதன்மேல் வைப்பார். 'தெரியும், இதோ வருகிறேன்' என்று பொருள். இதில் பெரியவர்கள் தவறினால் எல்லாம் பாழ். வாக்கியத்தை முடித்த கையோடு குழந்தை பக்கம் திரும்பிவிட வேண்டும். மூன்று வயதால் சில விநாடிகள்தான் காத்திருக்க முடியும். அந்தச் சில விநாடிகளை மதித்தால் அடுத்த மாதம் கொஞ்சம் நீளும்.

நடந்துகொண்டிருக்கும்போது நான் யாரையும் திருத்துவதில்லை. கண்டதை மனதில் வைத்துக்கொண்டு மறுநாள் நாடகம் போடுவேன். நான்தான் மோசமான விருந்தாளி. வாயைத் திறந்து மெல்லுவேன், மூன்று முறுக்கை அள்ளுவேன், சட்டையில் கை துடைப்பேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, எனக்குப் பாடம் எடுப்பார்கள். நேற்று அதையே செய்த பிள்ளைதான் உரக்கப் பாடம் எடுக்கும். யார் என்று நானும் சொல்வதில்லை, அதுவும் சொல்வதில்லை.

பெரியவர்களை நடத்துவதுதான் கஷ்டம். போன்களைப் பிரம்புக் கூடையில் சேகரிக்கும் வேலையை நாலு வயதுப் பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன். நான் கேட்டால் சாக்குச் சொல்கிறவர்கள் அது கூடையை நீட்டினால் மறுப்பதில்லை. ஒரு வீட்டில் தாத்தா டவராவில் டீயை ஊற்றி 'சுர்'ரென்று உறிஞ்சினார். பேரன் என்னைப் பார்த்தான். "பாட்டி, தாத்தா சத்தம் போடலாமா?" அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. தாத்தாவே பதில் சொன்னார்: "சூடா இருக்குடா கண்ணு. ஆத்திட்டுக் குடிச்சா சத்தம் வராது. எனக்குத்தான் பொறுமை இல்ல." பிறகு டம்ளருக்கும் டவராவுக்குமாக நாலு முறை ஆற்றிக் காட்டினார். என் பாடத்திட்டத்தில் இல்லாத பாடம். அன்று நான் நடத்திய எதையும்விட நன்றாக நடந்தது.

பெற்றோருக்கு ஒரு பழைய நூலையும் எடுத்துச் சொல்வதுண்டு. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான ஆசாரக்கோவை, பெருவாயின் முள்ளியார் செய்தது. உண்ணும் முறைக்கே பல பாடல்களை ஒதுக்கியிருக்கிறது. இனிப்பு முதலில், கசப்பு கடைசியில். பெரியவர்களோடு உண்ணும்போது அவர்களை முந்தக் கூடாது, அவர்கள் எழும் முன் எழக் கூடாது. இவற்றைப் பெற்றோர் ஆர்வமாகக் கேட்டுக்கொள்கிறார்கள். அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது: விருந்தினர், மூத்தோர், பசு, பறவை, பிள்ளைகள் இவர்களுக்குக் கொடுக்காமல் தான் உண்ணலாகாது. உண்ணும் முன் சுற்றிலும் பார், யாருக்கு இன்னும் கிடைக்கவில்லை என்று பார் என்பதே இதற்கு அர்த்தம். முள் கரண்டியும் கத்தியும் பிடிக்கச் சொல்லித்தருவீர்களா என்று சிலர் கேட்கிறார்கள். பத்து வயதில் ஒரே சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம். சுற்றிலும் பார்ப்பது அப்படி ஒரே நாளில் வராது.

அது வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒரு வீட்டில் பார்த்தேன். ஐந்து வயதுப் பெண் அன்றைக்கு வீட்டுக்காரி. எண்ணி முடித்து, "எட்டுப் பேரு" என்றாள்.

"ஏழுதானேம்மா?" என்றார் அவள் அம்மா.

"அக்கா பின்னாடி பாத்திரம் தேய்ச்சிட்டு இருக்காங்கல்ல?"

"அவங்களுக்கு அப்புறமா குடுத்துக்கலாம் கண்ணு" என்றார் பாட்டி.

"வீட்டுல இருக்கிற எல்லாருக்கும்னு சொன்னாங்களே" என்று குழந்தை என்னைக் கைகாட்டியது. அக்காவின் டம்ளர் சமையலறை ஜன்னலில் தனியாகக் கவிழ்த்திருப்பது எல்லாருக்கும் தெரியும். குழந்தை அதை எடுக்கவில்லை. அடுக்கிலிருந்தே எட்டாவதை எடுத்து வைத்தது. அம்மா போய்க் கூப்பிட்டார். அந்த அக்கா சேலையில் கையைத் துடைத்தபடி வந்து, தயங்கி நின்றார். அந்தத் தயக்கம் நியாயமானது. இன்று பாயில் உட்காரவைத்துவிட்டு நாளை பழையபடி ஜன்னல் டம்ளரை நீட்டினால், அவமானப்படுவது அவர்தான், நாமில்லை. கடைசியில் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். குழந்தை சொட்டுச் சிந்தாமல் ஊற்றியது. எனக்கு அந்தச் சொட்டு பெரிதாகப் படவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வீட்டில் தொடங்கும் முன்பே பெற்றோரோடு உட்கார்ந்து பேசிவிடுகிறேன். ஜக் அளவு, பலகாரம், போன் கூடை எல்லாம் சொன்ன பிறகு ஒன்று கேட்கிறேன்: "இத்தனை பேர்னு குழந்தை எண்ணிச் சொன்னா, அதுல யாரையாவது விடச் சொல்வீங்களா?" சிலர் யோசித்துவிட்டுச் சொல்கிறோம் என்கிறார்கள், அப்புறம் கூப்பிடுவதில்லை. மாட்டோம் என்பவர்கள் வீட்டில் மறுநாளே துவரம் பருப்பிலிருந்து ஆரம்பிக்கிறோம்.